கேட்டவரும் கொடுத்தவரும்

தன் சாவைத் தானே முடிவு செய்ய ஒருவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வியைத் தொடும் எந்தத் திரைப்படமும், விடை தேடுவதற்கு முன்பே ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். கேமரா யார் பக்கத்தில் நிற்கப்போகிறது? சாவைக் கேட்பவர் பக்கத்திலா, அதற்குக் கைகொடுப்பவர் பக்கத்திலா? பாரி லெவின்சன் இயக்கத்தில், 2010 ஏப்ரலில் எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காக வந்த 'யூ டோன்ட் நோ ஜாக்' கைகொடுத்தவர் பக்கம் நிற்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜாக் கெவோர்க்கியனின் வாழ்க்கை அது. அலெஹாந்த்ரோ அமெனாபர் இயக்கி 2004இல் வெளிவந்த ஸ்பானியப் படமான 'மார் அதென்த்ரோ' கேட்டவர் பக்கம் நிற்கிறது. 'தி ஸீ இன்சைட்' என்ற ஆங்கிலத் தலைப்பில் நம்மில் பலர் பார்த்த படம்தான். கழுத்துக்குக் கீழே செயலற்றுப்போன ரமோன் சம்பேத்ரோவின் வாழ்க்கை அதில் விரிகிறது.

இரண்டும் உண்மை வாழ்க்கைகள். இரண்டிலும் மாபெரும் நடிகர்கள். கெவோர்க்கியனாக நடித்த அல் பசினோவுக்கு எம்மி, கோல்டன் குளோப் விருதுகள் கிடைத்தன. சம்பேத்ரோவாக நடித்த ஹாவியர் பார்டெமுக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. 'மார் அதென்த்ரோ' சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஒன்றில் நிறைந்திருப்பது மற்றதில் இல்லை. கெவோர்க்கியன் படத்தில் துணிந்து முன்வரும் மருத்துவர் இருக்கிறார். சாக விரும்பியவர்களின் வாழ்க்கை இல்லை. சம்பேத்ரோ படத்தில் ஒரு மனிதனின் முழு வாழ்க்கை இருக்கிறது. அவனுக்கு உதவ ஒரு மருத்துவர் இல்லை. ஒவ்வொன்றின் குறையும் மற்றதன் வெளிச்சத்தில்தான் கண்ணில் படுகிறது என்பதால், இவ்விரு படங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு வாழ்க்கைகள்

ஜாக் கெவோர்க்கியன் 1928இல் மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில், ஆர்மீனியப் படுகொலையிலிருந்து தப்பி வந்த குடும்பத்தில் பிறந்தார். படித்தது நோய்க்குறியியல். உயிருள்ள நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதைவிட, திசுக்களையும் உடல்களையும் ஆராய்வதே அந்தத் துறையின் அன்றாடம். இறக்கும் தறுவாயில் இருப்பவர்களின் கண்களைப் படமெடுத்து ஆராய்ந்ததால் 1950களிலேயே 'டாக்டர் டெத்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஓவியம் வரைவார், இசையமைப்பார், புல்லாங்குழல் வாசிப்பார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1990 முதல் 1998 வரை ஏறத்தாழ 130 பேர் இறக்கத் தான் உதவியதாக அவரே சொன்னார். மிச்சிகன் அரசு 1991இல் அவருடைய மருத்துவ உரிமத்தைப் பறித்தது. பலமுறை கைதானார், சிறையில் உண்ணாவிரதம் இருந்தார், மூன்று வழக்குகளில் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். கடைசியில் 1999இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, எட்டாண்டுகள் சிறையில் இருந்து, 2007இல் பரோலில் வெளிவந்தார். 2011இல் 83 வயதில் இறந்தார்.

ரமோன் சம்பேத்ரோ 1943இல் ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலிசியாவில் பிறந்தவர். கப்பலில் வேலை பார்த்து உலகைச் சுற்றியவர். 1968 ஆகஸ்டில், 25ஆம் வயதில், தன் ஊர்ப்பக்கத்துக் கடற்கரைப் பாறையிலிருந்து குதித்தார். அலை பின்வாங்கியிருந்த நேரம். தலை மணலில் மோதிக் கழுத்து முறிந்தது. அதன்பின் ஏறத்தாழ 29 ஆண்டுகள் படுக்கைதான். வாயில் கவ்விய கோலால் கவிதைகளும் கடிதங்களும் எழுதினார். தனக்கு உதவுபவரைத் தண்டிக்கக் கூடாது என்று 1993இல் நீதிமன்றத்தை நாடினார். ஸ்பெயினில் அப்படி ஒருவர் வழக்குத் தொடுத்தது அதுவே முதல்முறை. எல்லாப் படிகளிலும் தோற்றார். 1998 ஜனவரி 12 அன்று, நண்பர்களின் உதவியோடு இறந்தார். ஒவ்வொருவரும் ஒரு சிறு பகுதி வேலையை மட்டும் செய்யும்படி அவர் பங்கிட்டுக் கொடுத்திருந்ததால், குற்றம் என்று யார்மேலும் சுமத்த முடியவில்லை. கைதாகி விடுவிக்கப்பட்ட தோழி ரமோனா மனேய்ரோ, வழக்குக்கான காலவரம்பு முடிந்தபின் 2005இல் தொலைக்காட்சியில் தன் பங்கை ஒப்புக்கொண்டார்.

அறைக்குள் யார் இருக்கிறார்கள்?

லெவின்சனின் படத்தில் நிறங்கள் வெளிறியிருக்கின்றன. குளிர்காலத்து மிச்சிகன், நெருக்கடியான சிறு குடியிருப்பு, பழைய ஃபோக்ஸ்வாகன் வேன், நீதிமன்ற வராந்தா என்று கதை ஓடுகிறது. மருத்துவரைச் சுற்றி நல்ல மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள்: அக்கறையோடு திட்டும் சகோதரி மார்கோ, நண்பர் நீல் நிக்கோல், இறக்கும் உரிமைக்காக மிச்சிகனில் அமைப்பு நடத்திய ஜேனட் குட், வழக்கறிஞர் ஜெஃப்ரி ஃபீகர். நோயாளிகள் வருகிறார்கள். தங்கள் வலியைக் கேமராவின் முன் சொல்கிறார்கள். போய்விடுகிறார்கள். அடுத்தவர் வருகிறார். ஒவ்வொரு முகமும் நம்மைத் தொடுகிறது. ஆனால் அவர்கள் வீட்டில் நேற்று என்ன நடந்தது, அடுத்த அறையில் அழுதுகொண்டிருப்பது யார், இந்த முடிவுக்கு எதிராக வாதாடியவர் யார் என்று படம் சொல்வதில்லை.

அல் பசினோவின் நடிப்பு இந்தக் குறையை மறைக்காமல் வெளிப்படுத்துகிறது என்பதே அதன் பெருமை. உரக்கப் பேசி அரங்கை அதிரவைக்கும் பழக்கத்தை அவர் இங்கே ஒதுக்கிவைக்கிறார். கூன் விழுந்த தோள்கள், பொறுமையற்ற கண்கள், தான் சரி என்பதில் துளி ஐயமும் இல்லாத குரல். நோயாளியின் கையைப் பிடிக்கும்போது உண்மையான பரிவு தெரிகிறது. அடுத்த காட்சியில் அதே மனிதர் அரசுத் தரப்போடு மோதக் காத்திருக்கிறார். எது நோயாளிக்காக, எது போராட்டத்துக்காக என்று பிரிக்க முடியாத நிலையை அந்த முகம் காட்டுகிறது. பசினோ எம்மி விருதை வாங்கியபோது அரங்கில் கெவோர்க்கியனே அமர்ந்திருந்தார். உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றி இவ்வளவு நேர்மையோடு படமெடுப்பது எளிதல்ல.

அமெனாபரின் படம் வேறு தாளத்தில் நடக்கிறது. கலிசியக் கிராமத்து வீடு, மாடியறை, ஒரு சன்னல். அந்த அறைக்கு எல்லோரும் வந்துபோகிறார்கள். ஆண்டுக்கணக்கில் ரமோனைத் திருப்பிப் படுக்கவைத்து, ஊட்டி, துடைத்துவிடும் அண்ணி மனுவேலா. தம்பிக்காகக் கடல் தொழிலையே விட்டுவிட்டு, "என் வீட்டுக்குள் இது நடக்காது" என்று கத்தும் அண்ணன் ஹொசே. சித்தப்பாவுக்காகக் கருவிகள் செய்துதரும் அண்ணன் மகன் ஹாவி. பெற்ற பிள்ளை சாவதைவிடக் கொடியது, அவன் சாக விரும்புவது என்று முணுமுணுக்கும் முதிய தந்தை. ரமோனை வாழவைத்துவிடலாம் என்று வந்து, அவர்மேல் அன்புகொண்டு, கடைசியில் உதவ முன்வரும் ரோசா. ரமோனின் விருப்பம் இந்த ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதத்தில் வெட்டுகிறது. ஒருவர் சாகும் உரிமை அவருக்கு மட்டும் உரியது என்று சொல்லும் படமே, அந்தச் சாவு அவருக்கு மட்டும் நிகழ்வதில்லை என்பதையும் காட்டுகிறது.

படுக்கையிலிருந்து எழுந்து, சன்னலைத் தாண்டி, மலைகளுக்கு மேலே பறந்து கடலை அடைவதாக ரமோன் கற்பனை செய்யும் காட்சி புகழ்பெற்றது. அதுவரை அசையாத ஓர் உடலைப் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு, அந்த உடலுக்குள் இருப்பவனின் வேகம் அப்போதுதான் புரிகிறது. கெவோர்க்கியன் படத்தில் எந்த நோயாளிக்கும் இப்படி ஓர் உள்ளுலகம் தரப்படவில்லை.

நினைவை இழக்கப்போகும் இரு பெண்கள்

இரு படங்களும் எதிர்பாராமல் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. கெவோர்க்கியன் முதன்முதலில் உதவியது ஜேனட் அட்கின்ஸுக்கு. 54 வயது, ஆரெகன் மாநிலத்தைச் சேர்ந்தவர், அல்சைமர் நோயின் தொடக்கநிலை. டென்னிஸ் ஆடும் அளவுக்கு உடல் வலு இருந்தது. தன்னைத் தானே மறக்கும் நாள் வருமுன் போய்விட விரும்பினார். கெவோர்க்கியன் அவரை நேரில் சந்தித்தது இறப்பதற்கு ஓரிரு நாள் முன்புதான். 1990 ஜூன் 4 அன்று, மிச்சிகனில் ஒரு பூங்காவில் நிறுத்திய வேனுக்குள் அது நடந்தது.

'மார் அதென்த்ரோ'வில் வரும் வழக்கறிஞர் ஜூலியாவும் இதே அச்சத்தில் இருப்பவர். மூளையின் சிறு இரத்தக் குழாய்களைச் சிதைக்கும் பரம்பரை நோய் அவருக்கு. ரமோனோடு சேர்ந்து தானும் இறப்பதாக வாக்குக் கொடுக்கிறார். பிறகு மனம் மாறுகிறது. படத்தின் முடிவில் அவர் உயிரோடிருக்கிறார்; ரமோன் யார் என்பது அவருக்கு நினைவில்லை.

ஒருவர் போகத் துணிந்தார், ஒருவர் தங்கிவிட்டார். எது சரி என்று அமெனாபர் சொல்லவில்லை. ஜூலியாவை அவர் இரக்கத்தோடு காட்டுகிறார். ரமோனின் முடிவு எல்லோருக்குமான விதி ஆகாது என்று அந்த ஒரு பாத்திரத்தின் மூலம் தன் படத்துக்குள்ளேயே ஒரு மறுப்பை வைக்கிறார். மனம் மாறுவதற்கு ஜூலியாவுக்கு நேரம் இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம். ஜேனட் அட்கின்ஸ் தெளிவோடு முடிவெடுத்தார் என்றே குடும்பத்தினர் கூறினர். அதைச் சந்தேகிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தத் தெளிவைச் சோதித்தறியும் அளவுக்கு, முன்பின் அறியாத ஒரு மருத்துவருக்கு ஓரிரு நாள் போதுமா? லெவின்சனின் படம் இந்தக் கேள்வியருகே வந்து, நகர்ந்துவிடுகிறது.

நகர்ந்திருக்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. மிச்சிகனின் ஓக்லண்ட் மாவட்டத்தில் கெவோர்க்கியன் உதவியோடு இறந்த 69 பேரின் உடற்கூறாய்வு முடிவுகள் 2000ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தன. அவர்களில் விரைவில் சாகும் நிலையில் இருந்தவர்கள் நாலில் ஒரு பங்கினர் மட்டுமே. ஐந்து பேரின் உடலில் நோயின் அடையாளமே காணப்படவில்லை. அவர்களும் வேதனையில்தான் வந்திருப்பார்கள். மனநோய், தனிமை, கவனிக்க ஆளில்லாமை என்று மருந்தும் துணையும் தேடிக் கொடுத்திருக்கக்கூடிய வேதனையாக அது இருந்திருந்தால், அதைக் கண்டுபிடிக்க வேண்டிய கடமை யாருடையது? ஒரு மருத்துவரின் முதல் வேலை அதுவல்லவா?

இரண்டு நீதிமன்றங்கள்

இரு படங்களின் உச்சமும் நீதிமன்றத்தில் அமைகிறது. இரண்டிலும் பேச வேண்டியவர் பேச முடியாமல் போகிறது.

1998 செப்டம்பரில், ஏ.எல்.எஸ். நோயால் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டிருந்த தாமஸ் யூக் என்பவருக்குக் கெவோர்க்கியன் தன் கையாலேயே ஊசி போட்டார். அதுவரை கடைசிச் செயலை நோயாளியே செய்யும்படி கருவி அமைத்திருந்தவர், அந்த எல்லையை அன்று தாண்டினார். அதைப் பதிவுசெய்த வீடியோவைத் தானே தொலைக்காட்சிக்குக் கொடுத்தார். நவம்பரில் சி.பி.எஸ். நிறுவனத்தின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில் அது ஒளிபரப்பானது. வழக்கில் தனக்காகத் தானே வாதாடினார். சாவுக்கு உதவிய குற்றச்சாட்டை அரசுத் தரப்பு கைவிட்டு, கொலைக் குற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டதால், யூக்கின் வேதனை வழக்குக்குத் தொடர்பற்றதாகிவிட்டது. அவருடைய மனைவிக்கும் சகோதரருக்கும் சாட்சி சொல்ல அனுமதி கிடைக்கவில்லை. நீதிபதி ஜெசிகா கூப்பர் 10 முதல் 25 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்தார். சட்டம் தனக்கு ஒப்பவில்லை என்பதால் அதை மீறும் உரிமை யாருக்கும் இல்லை என்ற அவருடைய தீர்ப்புரை படத்தில் முழு மதிப்போடு இடம்பெறுகிறது. எதிர்த்தரப்பைக் கொடியவராக்காத இந்த நேர்மைக்காக லெவின்சனைப் பாராட்ட வேண்டும்.

'மார் அதென்த்ரோ'வில் ரமோனை வேனில் ஏற்றி நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். பல ஆண்டுகளாக வெளியுலகைப் பார்க்காதவர், வழியெங்கும் வயல்களையும் மனிதர்களையும் கண்கொட்டாமல் பார்க்கிறார். வாழ்க்கைமேல் அவருக்கு வெறுப்பில்லை என்பதை அந்தப் பயணம் உணர்த்திவிடுகிறது. நீதிமன்றத்தில் அவர் பேசக் கேட்கிறார். நடைமுறையில் இடமில்லை என்று மறுத்துவிடுகிறார்கள். யாருடைய உயிரைப் பற்றிய வழக்கோ அவருடைய வாயை மூடிவிட்டுச் சட்டம் தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

இங்கே இறந்தவரின் மனைவிக்கு மறுப்பு. அங்கே உயிரோடிருப்பவருக்கே மறுப்பு. இரண்டுமே அநீதி. ஆனால் அமெரிக்க வழக்கில் அந்த மௌனத்துக்கு மருத்துவரின் செயலும் ஒரு காரணம். தன்னைக் கைதுசெய்யும்படி அரசை அறைகூவி அழைத்தவர் அவர். போராட்டம் பெரிதாகப் பெரிதாக, யூக் என்ற மனிதர் அதற்குள் ஒரு சான்றுப்பொருளாகச் சுருங்கிவிட்டார்.

இரண்டு வீடியோக்கள்

1998ஆம் ஆண்டிலேயே இரு நாடுகளிலும் சாவின் வீடியோ ஒவ்வொன்று தொலைக்காட்சியில் வந்தது. மார்ச்சில் ஸ்பெயினின் ஆன்டெனா 3, சம்பேத்ரோவின் கடைசி நிமிடங்களை ஒளிபரப்பியது. நவம்பரில் அமெரிக்கா யூக்கின் சாவைப் பார்த்தது. சம்பேத்ரோ கேமராவை நேராகப் பார்த்து, நீதிபதிகளையும் அரசியல்வாதிகளையும் மதத்தலைவர்களையும் நோக்கித் தானே பேசினார். தன் முடிவுக்குத் தானே பொறுப்பு என்றார். உதவிய கைகளை அவர் காட்டவில்லை. அவர்களைக் காப்பாற்றவே வீடியோ எடுத்தார். யூக்கின் வீடியோவில் செயல்படுபவர் மருத்துவர். அதன் நோக்கமும் வழக்கை வரவழைப்பதே. ஒரே கருவி, நேரெதிரான இரு பயன்கள். பார்டெம் கேமராவைப் பார்த்துப் பேசும் அந்தக் காட்சியில் நம்மால் கண்ணை விலக்க முடியாததற்குக் காரணம், அங்கே பேசுபவரும் சாகப்போகிறவரும் ஒருவரே என்பதுதான்.

அமெனாபரின் படமும் குறையற்றதல்ல. ரமோனைப் போலவே செயலிழந்த உடலோடு வாழும் பாதிரியார் ஒருவர் வாதாட வருகிறார். சக்கர நாற்காலி மாடிப்படியில் ஏற முடியாமல், கீழிருந்தும் மேலிருந்தும் இருவரும் கத்திப் பேசும் அந்தக் காட்சி சிரிப்பை வரவழைக்கிறது. சிரிப்பில் பாதிரியாரின் வாதம் கரைந்துபோகிறது. ஊனத்தோடு வாழ்வது சாவைவிட மேலானது அல்ல என்று சமூகம் முடிவுகட்டிவிடுமோ என்ற அச்சம் மாற்றுத்திறனாளிகளுக்கு உண்மையாகவே உண்டு. கெவோர்க்கியன் வழக்கில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டதற்கு எதிர்வினையாகவே 1996இல் அமெரிக்காவில் 'நாட் டெட் யெட்' என்ற மாற்றுத்திறனாளிகள் அமைப்பு தோன்றியது. வாழ உதவி கேட்டால் வரிசையில் நிற்கவைக்கும் நாடு, சாக உதவி கேட்டால் உடனே தருமா என்று அவர்கள் கேட்பதற்கு மதம் காரணமல்ல. அந்தக் கேள்வியை ஒரு பாதிரியாரின் வாயில் வைத்து, அவரையும் வேடிக்கையாக்கியது படத்தின் பலவீனம்.

சட்டம் யார் பக்கம் வந்தது?

பிற்காலச் சட்டங்கள் இந்த ஒப்பீட்டை இன்னும் கூர்மையாக்குகின்றன. ஆரெகன் மாநிலம் 1994இல் வாக்கெடுப்பில் ஏற்று 1997இல் நடைமுறைப்படுத்திய சட்டம், ஆறு மாதத்துக்குள் இறக்கக்கூடிய நோயாளிகளுக்கு மட்டும் பொருந்தும். இரு மருத்துவர்கள் உறுதி செய்ய வேண்டும். மருந்தை நோயாளியே உட்கொள்ள வேண்டும். அந்த ஊர்க்காரரான ஜேனட் அட்கின்ஸ், தொடக்கநிலை அல்சைமரோடு அந்தச் சட்டத்தின்கீழும் தகுதி பெற்றிருக்க மாட்டார். யூக்குக்குப் போட்டதைப் போன்ற ஊசி இன்றும் அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் சட்டப்படி செல்லாது. கெவோர்க்கியனின் சொந்த மிச்சிகனில் 1998 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், இறக்க உதவும் சட்டத்தை ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள்.

ஸ்பெயின் 2021இல் சட்டம் இயற்றியது. தீராத, முடக்கிப்போடும் நிலையில் தாங்க முடியாத வேதனைப்படுபவரும் விண்ணப்பிக்கலாம். சாவு அருகில் இருக்க வேண்டும் என்பதில்லை. எழுத்தில் இருமுறை, 15 நாள் இடைவெளியில் கேட்க வேண்டும். இன்னொரு மருத்துவரும் ஒரு குழுவும் ஆராய வேண்டும். விரும்பாத மருத்துவர் விலகலாம். சம்பேத்ரோ இன்று இருந்திருந்தால், நண்பர்களிடையே வேலையைப் பங்கிட்டு மறைந்து சாக வேண்டியிருக்காது.

ஊரறியக் கேட்டு, 29 ஆண்டுகள் அதே விருப்பத்தில் நின்ற ஒருவரின் கதை ஒரு நாட்டின் சட்டத்தை நெகிழ்த்தியதில் வியப்பில்லை. கெவோர்க்கியனும் தன் பங்கைச் செய்தார். மருத்துவமனைகளில் யாரும் வாய்திறக்காத ஒரு துயரத்தைப் பொதுமேடைக்கு இழுத்துவந்தவர் அவர்தான். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் துணிவு மட்டும் போதாது. சாவைக் கேட்பவரை அறிந்துகொள்ளும் பொறுமையும், மறுத்துப் பேச ஆளிருக்கும் வீடும், மனம் மாற இடமும் வேண்டும். அவை இருந்தும், கைகொடுக்கச் சட்டமும் மருத்துவரும் இல்லாமல் போனால், சம்பேத்ரோவைப் போல ஒருவர் மறைவில்தான் சாக வேண்டியிருக்கும்.

ஆகவே இவ்விரு படங்களில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கருணைக்கொலைக்கு ஆதரவு, எதிர்ப்பு என்று தீர்மானிப்பவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், சிறந்த படம் என்று 'மார் அதென்த்ரோ'வையே சொல்வேன். அழகான படம் என்பது மட்டும் காரணமல்ல. கேட்பவரின் வாழ்க்கையை முழுதாகக் கேட்ட பிறகே அவருடைய சாவைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு வருகிறது என்பதை அது செய்துகாட்டுகிறது. சட்டம் எழுதுபவர்களும் மருத்துவர்களும் அந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் போதும்.